அத்தையா, ஆலோசகரா?

அத்தியாயம் 14

விடிந்ததிலிருந்து வெர்னாவுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சீமைப்பலாவை நறுக்க உட்கார்ந்தாள். பாதியில் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். திறந்ததை உடனே மூடினாள். தேங்காய்ப்பால் பிழிந்த கையைத் துடைக்காமலே வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். தெருவில் ஒன்றுமில்லை. வீடு இருந்த டெம்பே மேட்டிலிருந்து, கீழே ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்கள் மட்டும் தெரிந்தன.

மருமகன் டெல்ரன் போன மாதம் அந்த விஷயத்தை அவள் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போனதிலிருந்து இப்படித்தான்.

அவன் அதைச் சொன்னது வீட்டில் அல்ல. துறைமுகத் தெருவில் மருந்துக் கடை மாடியில், வீரர்கள் சங்கம் அவளுக்குக் கொடுத்திருந்த சின்ன அறையில். அங்கே அவள் யாருக்கும் அத்தை இல்லை. கிரிக்கெட்டில் சம்பளம் வாங்கும் பையன்கள், ஆட்டம் முடிந்த பிறகு என்ன செய்து பிழைப்பது என்று யோசிக்கக் கூடவே இருந்து உதவும் ஆலோசகர். வந்து உட்காருகிறவனிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "அப்புறம்?" என்பதுதான். சதம் அடித்துவிட்டு வந்தேன் மிஸ் என்று ஒருவன் சிரித்துக்கொண்டு நின்றாலும் அதே கேள்விதான். பையன்கள் அவளுக்கு 'மிஸ் அப்புறம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம். உள்ளே பேசியது வெளியே போகாது. அது இல்லாவிட்டால் ஒரு பையனும் அந்தப் படியேறி வந்திருக்க மாட்டான்.

சொந்த மருமகனை அங்கே சேர்த்திருக்கவே கூடாது. அவனுக்கு ஆலோசகராக செயிண்ட் லூசியாவில் இருந்தவர் வேலையை விட்டுவிட்டுப் போனபோது, கொஞ்ச நாளைக்குத்தானே என்று வெர்னா ஒப்புக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நாளில்தான் இது வந்து விழுந்தது.

டெல்ரனுக்கு வானிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பார்படோஸில். செப்டம்பரில் போனால் ஒன்றரை வருஷம்.

அவள் மகள் நெரிஸா நம்பிக்கொண்டிருந்தது வேறு. ஜூனில் ஒப்பந்தம் முடிந்ததும் டெல்ரன் மட்டையை வைத்துவிடுவான், ஊரிலேயே பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளராகச் சேருவான், தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருவான். அந்த வேலையைப் பேசி முடித்துக் கொடுத்ததே வெர்னாதான். இப்போது அவன் வந்து, நெரிஸாவிடம் நானே சொல்கிறேன், அதுவரை நீங்கள் வாய் திறக்காதீர்கள் மிஸ் வெர்னா என்று கேட்டுக்கொண்டான். வீட்டில் என்றால் 'அத்தை'. அறையில் 'மிஸ் வெர்னா'. அவன் அதைத் தெரிந்துதான் சொன்னான். அவளும் தலையாட்டிவிட்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது. நெரிஸா இறங்கினாள். ஏழு மாதம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் உப்புப் போட்ட பன்றிவால் பொட்டலத்தோடு நேரே அடுப்படிக்கு வந்தாள்.

வந்த வேகத்திலேயே சொன்னாள். தலைமை ஆசிரியர் ஹோஸ்டனை இன்று சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாளாம். அதனால் சீமைப்பலாவைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் ஆயில்டவுனைப் பெரிய பானையில் வைக்க வேண்டுமாம். அவர் பள்ளிக்கூடத்தில் டெல்ரனுக்கு வேலை உறுதியான சந்தோஷத்துக்கு அவருக்கு ஒரு வாய் சோறு கூடப் போடவில்லையே என்று அவளுக்கு மனசு உறுத்தியதாம்.

வெர்னாவின் கத்தி நின்றது. "இன்னிக்கேவா? ஆட்டம் முடிஞ்சு அவன் களைச்சுப்போய் வருவான்டி. இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

"களைச்சா என்ன, உட்கார்ந்து சாப்பிடத்தானே போறான். ஆமா, நீ ஏன் ஒரு மாதிரியா இருக்கே?"

"தூக்கம் சரியில்ல."

நெரிஸா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சேம்பிலையைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிக்கொண்டே, குழந்தைக்கான அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்தது, டெல்ரன் ஏணியில் நின்று பாடியது, அவன் பாட்டைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். வெர்னாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நெரிஸாவின் அப்பா எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்தவர். கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி நிறையச் சாமானோடு வருவார்; ஜனவரியில் போய்விடுவார். ஒரு வருஷம் பெட்டி மட்டும் வந்தது. மறு வருஷம் அதுவும் வரவில்லை. அருபாவில் அவருக்கு வேறு வீடு, வேறு பிள்ளைகள் என்று பிறகு தெரிந்தது. கல்யாணத்தன்று நெரிஸா மணக்கோலத்திலேயே டெல்ரனிடம் சொன்னாள், கிரிக்கெட் இருக்கிறவரைக்கும் காத்திருப்பேன், அதற்கு மேல் ஒரு நாள்கூட என்னால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்று. கூட்டம் கைதட்டியது. வெர்னா மட்டும் தலை குனிந்துகொண்டாள்.

எல்லாவற்றையும் பானையில் அடுக்கிவிட்டு, சாயங்காலம் அடுப்பில் ஏற்றிப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, இருவரும் ஸ்டேடியத்துக்குக் கிளம்பினார்கள்.

கடைசி நாள் ஆட்டம். நாள் முழுக்க விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டு நின்றால் டெல்ரன் ஆடும் விண்ட்வர்ட் அணிக்குச் சமன். இல்லாவிட்டால் ஜமைக்காவிடம் தோல்வி. அதனால் ஓட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்றே பிறந்தவன் மாதிரி டெல்ரன் குவாஷி தொடக்கத்தில் இறங்கி நின்றுகொண்டிருந்தான்.

"குவாஷி, காலுக்கு வேர் விட்டுடுச்சா? தண்ணி ஊத்தட்டுமா?" என்று மேல் வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். கூட்டம் சிரித்தது. ஆனால் அந்தக் குரலில் பெருமைதான் அதிகம்.

டெல்ரன் ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் அண்ணாந்து பார்த்தான். நெரிஸா, வெயில் கண்ணில் படுகிறது போலிருக்கிறது என்றாள். வெர்னாவுக்குத் தெரிந்தது. அவன் பார்த்தது சூரியனை அல்ல. கிழக்கே மலைக்கு மேல் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்த மேகத்தை.

உணவு இடைவேளையில், கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெர்னா பெவிலியனின் பின்பக்கம் போனாள். சங்கத்து அட்டையைப் பார்த்துக் காவலாளி உள்ளே விட்டான். டெல்ரன் காலில் கட்டிய பேடைக் கழற்றாமலே ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தின்னவில்லை.

ஹோஸ்டன் இன்று சாப்பிட வருகிறார் என்று வெர்னா சொன்னதும் அவன் சட்டென்று கதவுப்பக்கம் பார்த்தான்.

"அவர் வந்து உட்கார்றதுக்கு முன்னாடி நீ நெரிஸாகிட்ட சொல்லிடணும்" என்றாள்.

"இதைச் சொல்றது அத்தையா, மிஸ் வெர்னாவா?"

"எனக்கே தெரியல. ரெண்டு பேரும்தான்னு வெச்சுக்கோ."

ஆட்டம் முடியட்டும் என்றான். போன மாதமும் இதையேதான் சொன்னாய் என்றாள். அவன் பழத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். இரண்டடி நடந்தான், திரும்பினான்.

"ரெண்டு தடவை ஆரம்பிச்சேன் அத்தை. ஒரு தடவை, ஒரு விஷயம் பேசணும்னு சொல்லி வாயைத் திறக்கறேன், குழந்தை உதைக்குதுன்னு என் கையை எடுத்து வயித்து மேல வெச்சுக்கிட்டா. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

 அவன் ஏன் இதில் இப்படிப் பிடிவாதமாக இருக்கிறான் என்பது வெர்னாவுக்குத் தெரியும். பெரில் புயல் வந்தபோது அவன் ஆன்டிகுவாவில் பயிற்சி முகாமில் இருந்தான். ஓட்டல் அறையில் உட்கார்ந்து, அந்த வெள்ளைச் சுழி தான் பிறந்த கரியகூ தீவின் மேல் ஏறுவதைப் போனில் பார்த்தான். ரேடியோவில் எச்சரிக்கை வந்தும் அவன் அம்மா வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. எங்கள் ஊர்ப் பெயரையே சரியாகச் சொல்லத் தெரியாத ஒருவன் பேச்சைக் கேட்டு வீட்டை விடுவேனா என்றாளாம். கூரை போன பிறகு, மழைநீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்று உயிர் தப்பினாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு அதுகூட முடியவில்லை. எங்கள் ஊர்க் குரல் ஒன்று சொல்லியிருந்தால் அம்மா கிளம்பியிருப்பாள் என்று டெல்ரன் மருந்துக் கடை மாடி அறையில் சொன்னபோது வெர்னா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டாள். பத்து வருஷமாகத் தீவு தீவாக ஆடப் போன இடமெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தவன். ராத்திரியில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து கணக்கும் இயற்பியலும் படித்துத் தேறியவன். எந்த ஆலோசகரும் இப்படி ஒருவனுக்கு ஏங்குவார். மருமகனாக மட்டும் அவன் இல்லாதிருந்தால்.

"நீங்களே சொல்லிடுங்களேன்" என்றான் டெல்ரன். "நீங்க சொன்னா கேப்பா."

"அது என் வாயிலேர்ந்து வராது. நீ சொல்லணும்."

மணி அடித்தது. அவன் கையுறையை மாட்டினான். படியேறித் திரும்பி வரும்போதுதான் வெர்னாவுக்கு அந்த இன்னொன்று நினைவுக்கு வந்தது. அதை அவனிடமும் அவள் சொல்லவில்லை. ஜெரியல் என்று ஓர் இடக்கைப் பந்துவீச்சாளன், முழங்கால் போய்விட்ட பையன், கையில் வேறு பிழைப்பில்லாமல் அவளிடம் வந்து போய்க்கொண்டிருந்தான். டெல்ரன் விடப்போகும் வேலை வீணாகப் போக வேண்டாமே என்று அவள் ஹோஸ்டனுக்குப் போன் செய்து, ஒருவேளை டெல்ரன் வர முடியாமல் போனால் என்று ஜெரியலைப் பற்றிப் பேசியிருந்தாள். ஆலோசகராக அதில் ஒரு தப்பும் இல்லை.

தன் இருக்கையில் ஹோஸ்டன் உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். 

நல்ல மனுஷர். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி எழுந்து நின்றார். "வாங்க மிஸஸ் லெண்டோர். இப்பத்தான் பொண்ணுகிட்ட சொல்லிட்டிருந்தேன். நீங்க அனுப்பின அந்த இடக்கைப் பையன் நேத்து பள்ளிக்கூடத்துக்கு வந்தான். பிள்ளைங்களுக்கு அவனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மருமகன் வரலைன்னாலும் எனக்கு இனிமே கவலையில்ல, நீங்க ஒரு ஆளைக் காட்டிட்டீங்க."

நெரிஸா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் வேர்க்கடலைப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. ஹோஸ்டன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ புரிந்தவர் போல, குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். திரும்பி வரவில்லை.

"டெல்ரன் ஏன் வர மாட்டான்?" என்றாள் நெரிஸா.

"அவனைக் கேளு."

"உன்னைத்தானே கேக்கறேன்."

"என்னால சொல்ல முடியாது."

"முடியாதா, மாட்டியா?"

பொய் சொல்லலாம். ஹோஸ்டன் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று ஒரு வார்த்தை போதும். சாயங்காலம் வரைக்கும் தாங்கும். வெர்னா மகளின் கையைப் பிடிக்கப் போனாள். நெரிஸா கையை நகர்த்திக்கொண்டாள்.

"மாட்டேன்" என்றாள் வெர்னா.

 நெரிஸா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அப்பா விஷயத்துலயும் இப்படித்தான். ஊருக்கெல்லாம் தெரிஞ்சு, கடைசியில பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணு சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. அப்பவும் நீ வாயைத் திறக்கல. என்னைக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டே. இப்ப யாரைக் காப்பாத்தறே?"

வெர்னா நீட்டிய கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை. பதில் சொல்ல வேண்டியவன் மைதானத்தின் நடுவில் நிற்கிறான். அவன் அவுட் ஆனால்தான் வெளியே வருவான். ஸ்டேடியம் முழுக்க அவன் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. ஒருத்தி மட்டும் அவன் விழ வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"அவுட் ஆகித் தொலையேன்" என்று நெரிஸா முணுமுணுத்தாள். முன் வரிசையில் கொடி வைத்திருந்த பெரியவர் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவன் என் புருஷன் என்றாள். பெரியவர் கொடியை மடித்துக்கொண்டு இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

டெல்ரன் விழவில்லை. மறுமுனையில் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஒரு பந்து அவன் மட்டை விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் நின்றவன் கைக்குப் போனது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. பந்து நழுவித் தரையில் விழுந்தது. எல்லோரும் எழுந்து ஆர்ப்பரித்தபோது நெரிஸா கண்ணை மூடிக்கொண்டாள். வெர்னா எழுந்தாள், உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கி வந்து நீட்டினாள், நெரிஸா வாங்கவில்லை. ஆட்டத்தைக் காப்பாற்றுகிறானா, பேச்சைத் தள்ளிப்போடுகிறானா என்று வெர்னாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தேநீர் இடைவேளைக்கு அவன் பெவிலியனுக்குள் போனான். நெரிஸா இறங்கிப் போய்ப் பார்த்தாள். வீரர்களின் மனைவிகளுக்கு அனுமதியில்லை என்று காவலாளி திருப்பி அனுப்பினான். திரும்பி ஏறி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. அம்மாவின் பக்கத்தில் உட்காராமல் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தாள்.

கடைசி விக்கெட் ஜோடி நின்றுகொண்டிருந்தது. டெல்ரன் மலையைப் பார்த்தான். பிறகு குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். நிதானமாக, ஒரு குழந்தைக்குக் கட்டிவிடுகிறவன் போலக் கட்டினான். மற்றதை அவிழ்த்தான். நடுவர் கிட்டே வந்து ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான், நிமிர்ந்தான், முதல் துளி விழுந்தது. அடுத்த நிமிஷம் மலைப்பக்கத்திலிருந்து மழை வெள்ளைச் சுவராக நடந்து வந்தது.

ஜமைக்காக்காரர்கள் ஓடினார்கள். நடுவர்கள் ஓடினார்கள். கூட்டம் நனைந்துகொண்டே ஆடியது. மழை விடவில்லை, சமன் என்று அறிவித்தார்கள். டெல்ரன் மட்டும் ஓடாமல் நடந்து வந்தான். நெரிஸா அதற்குள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கீழே இறங்கியிருந்தாள். காவலாளி இந்த முறை தடுக்கவில்லை.

பெவிலியன் படிக்கட்டில் இருவரும் நின்றார்கள். வெர்னாவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை, மழையின் இரைச்சல். டெல்ரன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் பேசினான். நிறையப் பேசினான். கையை மலைப்பக்கம் காட்டினான், வடக்கே, கரியகூ இருக்கும் கடல்பக்கம் காட்டினான். நெரிஸா குறுக்கே பேசவில்லை. தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள், ஆமாம் ஆமாம் என்பது போல. அழுதால்கூட வெர்னாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் நெரிஸா அவன் கையிலிருந்த மட்டையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் பின்னால் போனான்.

வெர்னா தனியாக மேடு ஏறி வீட்டுக்கு வந்தாள். ஹோஸ்டன் போன் செய்து, மழை பெரிதாக இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டார். பானையில் ஆயில்டவுன் வற்றி, தேங்காயெண்ணெய் பிரிந்து மணத்துக்கொண்டிருந்தது. அவளால் ஒரு வாய் எடுத்து வைக்க முடியவில்லை. அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே கார் வந்தது. டெல்ரன் ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தான். நெரிஸா மட்டும் இறங்கி வந்தாள். ஒரு தட்டை எடுத்தாள். சீமைப்பலா, மாவுருண்டை, சேம்பிலை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். பசி. குழந்தைக்கும் சேர்த்து வேகவேகமாகச் சாப்பிட்டாள். வெர்னா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நெரிஸா உட்காரவில்லை.

தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்குக் காலையில உன் அறைக்கு வரேன்."

"எதுக்குடி அங்க? இங்கேயே பேசேன். நான் உன் அம்மா."

"அதனாலதான் இங்க வேண்டாம். இங்க சொன்னா நீ அழுவே, என்னைச் சமாதானப்படுத்துவே, நான் அந்தப் பக்கம் போனதும் அவன்கிட்ட போய் நிப்பே. அங்க சொன்னா சொன்னதுதான். வெளியே போகாது. இன்னிக்குப் பார்த்துட்டேனே."

"அந்த அறை விளையாடறவங்களுக்குன்னு சங்கம் வெச்சிருக்கறது."

"அவனுக்கு ஆட்டம் முடியுது, அப்புறம் என்னன்னு கேக்க நீ இருக்கே. எனக்கு யாரு கேக்கறா?"

வெர்னா மகளின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. எதையோ முடிவு செய்துவிட்டவளின் முகம்.

"அவன்கிட்ட என்ன சொன்னே?"

"போய்ட்டு வான்னு சொன்னேன். சந்தோஷப்பட்டான்." நெரிஸா கையைத் துடைத்தாள். "நான் என்ன செய்யப்போறேன்னு அவன் கேக்கவே இல்ல. நானும் சொல்லல. எத்தனை மணிக்குத் திறப்பே?"

"எட்டு மணிக்கு" என்றாள் வெர்னா. தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது.

நெரிஸா வெளியே போனாள். காரின் அந்தப் பக்கக் கதவு திறந்து மூடியது. பிறகு ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. டெல்ரன் ஈரத் தலையோடு வாசற்படி ஏறி வந்து நின்றான். பல நாள் கழித்து அவன் முகத்தில் பாரம் இறங்கியிருந்தது.

"கோவிக்கவே இல்ல அத்தை. நான்தான் வீணாப் பயந்துட்டேன்" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான். "உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

காருக்குள் நெரிஸா நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

வெர்னா அவனுக்கு ஒரு தட்டை எடுத்தாள். "சாப்பிடு முதல்ல" என்றாள்.